ஹெல்மெட்டின் கதை: லாரன்ஸ், கெய்ர்ன்ஸ், 38 வருடங்கள்

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு அதன் ஆரம்பம் நினைவிருக்கும். 1962-ல் டேவிட் லீன் எடுத்த படம். பாலைவனம், ஒட்டகம் எல்லாம் வருவதற்கு முன்பே கதாநாயகன் செத்துப் போகிறான். ஒரு மோட்டார் சைக்கிளை ஆசையாகத் துடைக்கிறான், ஏறி உட்கார்கிறான், கிராமத்துச் சாலையில் பறக்கிறான், எதிரே சைக்கிள்கள் வருகின்றன, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் பெரும்பாலோர் மறந்துவிடும் காட்சி இது. ஆனால் இன்று நம்மூர் டிராபிக் போலீஸ்காரர் சிக்னலில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி "ஹெல்மெட் எங்கே?" என்று கேட்பதற்கும் அந்தக் காட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நிஜத்தில் நடந்தது 1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி. டி. ஈ. லாரன்ஸ் முதல் உலகப் போரில் அரபு நாட்டில் துருக்கியருக்கு எதிரான கலகத்தில் பங்கெடுத்து உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழே பிடிக்காமல் வேறு பெயரில் விமானப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1935 பிப்ரவரி கடைசியில்தான் அங்கிருந்து விலகியிருந்தார். இங்கிலாந்தின் தென்பகுதியில் டார்செட் என்ற மாவட்டத்தில் கிளவுட்ஸ் ஹில் என்னும் சின்ன வீட்டில் தனியாக வசித்தார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் பைக். சாதாரண பைக் இல்லை, பிரௌ சுபீரியர். அந்தக் காலத்தில் அதை மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ் என்பார்கள். எஸ்.எஸ். 100 என்ற அந்த மாடல் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம் போகும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்து விற்றது. லாரன்ஸ் அடுத்தடுத்து வாங்கிய பிரௌ வண்டிகளில் அது 7-வது.

அன்று காலை பக்கத்தில் இருந்த பாவிங்டன் ராணுவ முகாம் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையில் மேடும் பள்ளமும் உண்டு. ஒரு பள்ளத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு சைக்கிள் பையன்கள் அவர் கண்ணுக்குக் கடைசி நிமிடம் வரை தெரியவில்லை. தெரிந்ததும் வண்டியை ஒடித்துத் திருப்பினார். ஒரு சைக்கிளில் உரசி, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள். லாரன்ஸின் தலை தரையில் மோதி மண்டை ஓடு உடைந்தது. ஆறு நாள் நினைவு திரும்பவே இல்லை. மே 19-ஆம் தேதி இறந்தார். வயது 46. தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் யார் தலையிலும் இருக்காது என்பதால் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் அன்றைய இங்கிலாந்துச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1930-ல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின் மூலம் கார்களுக்கும் பைக்குகளுக்கும் இருந்த வேக வரம்பையே பிரிட்டன் எடுத்துவிட்டது. 20 மைல் வரம்பை யாருமே மதிப்பதில்லை, மதிக்காத சட்டம் எதற்கு என்பது வாதம். (கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா?) விளைவு, 1934-ல் மட்டும் சாலையில் 7,343 பேர் இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட பாதிப்பேர் நடந்து போனவர்கள். அப்போது அந்த நாட்டில் இருந்த மொத்த மோட்டார் வாகனங்களே சுமார் 24 லட்சம்தான்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. லெஸ்லி ஹோர்-பெலிஷா என்பவர் 1934-ல் போக்குவரத்து மந்திரியானார். பதவிக்கு வந்த புதிதில் லண்டனில் கேம்டன் பகுதியில் சாலையைக் கடக்கும்போது அவரையே ஒரு கார் இடிக்கப் பார்த்தது. மந்திரிக்கே அந்த கதி என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? நடந்து போகிறவர்கள் கடக்கும் இடங்களில் கருப்பு வெள்ளைக் கம்பம் நட்டு உச்சியில் ஆரஞ்சு நிறக் கண்ணாடி உருண்டையை மாட்டினார். அவர் பெயராலேயே 'பெலிஷா பீக்கன்' என்று அது இன்றும் அழைக்கப்படுகிறது. ஆரம்பத்தில் பையன்கள் கல்லால் அடித்து அந்தக் கண்ணாடிகளை உடைத்து விளையாடினார்கள் என்பது தனிக் கதை. தரையில் வரிக்குதிரைக் கோடு போடும் பழக்கம் அதற்குப் பின்னால், 1949-ல் சோதனையாகத் தொடங்கி 1951-ல் சட்டமானது.

சைக்கிள்காரர்களுக்கு லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூவில் தனிப் பாதை போட்டு 1934 டிசம்பரில் திறந்தார்கள். அதை சைக்கிள் சங்கத்தார் எதிர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இன்றைக்கு ஓரமாகத் தனிப் பாதை தருகிறவன் நாளைக்கு சாலைப் பக்கமே வராதே என்பான் என்று பயந்தார்கள். அந்த பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1935 மார்ச் 18-ல் ஊருக்குள் மணிக்கு 30 மைல் வேக வரம்பு வந்தது. ஜூன் 1 முதல் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. லாரன்ஸ் விழுந்தது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்.

ஆக, நடப்பவனுக்கு ஒரு விளக்கு, சைக்கிள்காரனுக்கு ஒரு பாதை, காருக்கு ஒரு வேக வரம்பு. பைக்கில் போகிறவன் தலைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி யோசித்தவர் மந்திரி இல்லை, ஒரு டாக்டர்.

லாரன்ஸ் பாவிங்டன் ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட நிபுணர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாக்காரர். 1896-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி என்ற ஊரில் பிறந்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்தவர். பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படும் ஹார்வி குஷிங்கிடம் வேலை கற்றுக்கொண்டார். லண்டன் மருத்துவமனையில் மூளை அறுவையைத் தனித்துறையாக வளர்த்தவர். இவ்வளவு தெரிந்தவரால் பாவிங்டனில் செய்ய முடிந்தது எதுவுமில்லை. மூளை நசுங்கிய பிறகு கத்திக்கு என்ன வேலை? அன்றைக்கு ஸ்கேன் கிடையாது, தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது, பெனிசிலின் கூட மருந்தாக வரவில்லை.

கெய்ர்ன்ஸ் அந்தப் படுக்கையை மறக்கவில்லை. 1937-ல் ஆக்ஸ்போர்டில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார். 1939-ல் போர் வந்தது. ராணுவத்தின் மூளை அறுவை ஆலோசகர் என்ற முறையில் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரிக் கட்டிடத்தையே தலைக்காயத்துக்கான ராணுவ மருத்துவமனையாக்கினார். அங்கே குண்டடி பட்டவர்களோடு கூட, எதிரியையே பார்க்காமல் மண்டை உடைந்து வந்தவர்களும் இருந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்த சிப்பாய்கள்.

போர்க்கால பிரிட்டனில் சாலை எப்படி இருந்தது என்று கற்பனை செய்துகொண்டால்தான் இது புரியும். ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக்கூடாது என்று இரவில் முழு இருட்டடிப்பு. தெருவிளக்கு இல்லை. வண்டி முன்விளக்குக்கு மூடி போட்டு ஒரு கீற்று வெளிச்சம் மட்டும். நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள். இருட்டில் நடக்கிறவர்கள் வெள்ளையாக ஏதாவது உடுத்திக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் கெஞ்சியது. போர் தொடங்கிய முதல் மாதமே சாலை மரணங்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப் போல இரண்டு மடங்கானது. எதிரி விமானம் தரையை விட்டுக் கிளம்பாமலேயே மாதம் 600 பேரைக் கொல்கிறது என்று மன்னரின் அறுவை மருத்துவரான வில்ஃபிரட் டிராட்டர் மருத்துவ இதழில் கசப்பாக எழுதினார். 1941-ல் சாலையில் இறந்தவர்கள் 9,169 பேர். பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிக அதிகமான எண்ணிக்கை அதுதான்.

இந்த இருட்டில் ராணுவத்தின் செய்திகளைச் சுமந்துகொண்டு ஓடியவர்கள் டெஸ்பாட்ச் ரைடர்கள். இ-மெயில் இல்லை, செல்போன் இல்லை. தந்தியும் ரேடியோவும் ஒட்டுக் கேட்கப்படலாம். அதனால் முக்கியமான காகிதம் எல்லாம் தோள்பையில் போட்டுக்கொண்டு பைக்கில்தான் போகும். ஓட்டினவர்களில் பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் பைக்கையே தொட்டவர்கள்.

கெய்ர்ன்ஸ் எண்ண ஆரம்பித்தார். 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வந்தது. பைக் ஓட்டுபவர்களின் தலைக்காயமும் ஹெல்மெட்டின் அவசியமும் என்பதுதான் தலைப்பின் சாரம். போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெட்ரோல் ரேஷன் வந்து சாலையில் வண்டிகளே குறைந்திருந்தபோது 21 சதவீதம் உயர்வு! அவர் கண்ணில் பட்ட தலைக்காயக்காரர்களில் விபத்தின்போது ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் வெறும் 7 பேர். அந்த 7 பேரும் பிழைத்தார்கள்.

ஏழு என்பது ஒரு எண்ணிக்கையா என்று இன்றைய புள்ளியியல் மாணவன் சிரிப்பான். கேட்கவும் வேண்டிய கேள்விதான். கெய்ர்ன்ஸுக்கும் அது தெரியும். ஆனால் ஏழு பேருக்கு மேல் கிடைக்காததற்குக் காரணமே, போடுகிற ஆள் இல்லை என்பதுதான். ஆதாரம் வேண்டுமானால் முதலில் ஆயிரக்கணக்கான தலைகளில் ஹெல்மெட்டை ஏற்ற வேண்டும், ஏற்ற வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். இந்தச் சிக்கலை ஜனநாயகத்தில் அவிழ்ப்பது கஷ்டம். ராணுவத்தில் சுலபம். ஓர் உத்தரவு போதும். 1941 நவம்பரிலேயே, கட்டுரை வந்த அடுத்த மாதம், பணியில் இருக்கும் எல்லா ராணுவ பைக் ஓட்டிகளும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

ஹெல்மெட் அப்போது புது விஷயமா என்றால் அதுவும் இல்லை. 1914-லேயே புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலின் டாக்டர் எரிக் கார்ட்னர், வாராவாரம் மண்டை உடைந்து வருகிறவர்களைப் பார்த்துச் சலித்து, கேன்வாஸ் துணியில் அரக்குப் பூசி விறைப்பாக ஒரு தொப்பி செய்ய வைத்தார். பந்தயச் சங்கம் முதலில் முகம் சுளித்தது, பிறகு அந்த வருடம் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டி.டி. பந்தயத்துக்குக் கட்டாயமாக்கியது. வழக்கமாகப் பந்தயம் முடிந்ததும் மூளை அதிர்ச்சி கேஸ்கள் நாலைந்து சுவாரசியமாக வரும், இந்த வருடம் ஒன்றும் வரவில்லையே என்று அந்தத் தீவின் மருத்துவ அதிகாரி குறைப்பட்டுக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அதோடு சரி. ஹெல்மெட் என்றால் பந்தயக்காரன் சமாச்சாரம், 100 மைல் வேகத்தில் போகிறவனுக்கு, தபாலாபீஸ் போகிறவனுக்கு எதற்கு என்ற எண்ணம் அடுத்த 27 வருடம் அப்படியே நின்றுவிட்டது. லாரன்ஸ் போனதும் தபாலாபீசுக்குத்தான்.

இன்றும் "பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் டூ இயற்பியல் போதும் இதற்குப் பதில் சொல்ல. பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டே சரிந்தாலும் இதே கணக்குதான். வண்டியின் வேகம் ஆளைச் சாலையில் இழுத்துக்கொண்டு போகும், தோலை உரிக்கும். மரத்திலோ லாரியிலோ மோதினால் அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் தலை தரையில் 'டப்' என்று அடிக்கும் அந்த அடி முக்கியமாக உயரத்திலிருந்து வருகிறது.

அந்த 20 கிலோமீட்டர் வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறும் தலை என்றால் சில மில்லிமீட்டர், தலைமுடியும் தோலும் நசுங்கும் அளவு. உள்ளே 3 சென்டிமீட்டர் மெத்தை இருந்து அது நசுங்கினால் நிற்கும் தூரம் பல மடங்கு. தூரம் 6 மடங்கானால் தலை தாங்கவேண்டிய சராசரி விசை 6-ல் ஒரு பங்காகும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கிறவன் கையைப் பின்னால் இழுக்கிறானே, அதே சங்கதி. கடினமான ஓடு அடியைப் பரவலாக்கும், உள் மெத்தை அடியை இழுத்தடித்து மெதுவாக்கும். ஓடு மட்டும் இருந்தால் போதாது என்பதால்தான் ரோட்டோரத்தில் விற்கும், உள்ளே வெறும் துணி ஒட்டிய பிளாஸ்டிக் சட்டி ஹெல்மெட் ஆகாது. போலீஸுக்குப் பயந்து போடுகிறவர்களுக்கு அது போதும், தரைக்கு அது போதாது.

கெய்ர்ன்ஸ் இதையும் தனியாக விடவில்லை. ஏ. எச். எஸ். ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஹோல்போர்ன் ஜெலட்டினால் மூளை மாதிரி ஒன்று செய்து, அதைத் திடீரென்று திருப்பினால் உள்ளே என்ன ஆகிறது என்று பார்த்தார். மண்டை உடையாவிட்டாலும் தலை சடாரென்று சுழன்றாலே மூளை உள்ளுக்குள் கிழியும் என்பது அவர் கண்டது. 1943-ல் இருவரும் சேர்ந்து அடுத்த கட்டுரை எழுதினார்கள். இப்போது கையில் 7 பேர் இல்லை, 106 பேர். ராணுவ உத்தரவின் புண்ணியம். அப்போது புழக்கத்தில் இருந்தது காகிதக்கூழ் அழுத்திச் செய்த ஹெல்மெட்டும் ரப்பர் ஹெல்மெட்டும். இரண்டுக்கும் உள்ளே தலை ஓட்டில் இடிக்காதபடி நாடாக்களால் தொட்டில் மாதிரி கட்டியிருப்பார்கள். எது எப்படி உடைந்தது, அதற்குள்ளிருந்த தலைக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஹெல்மெட் போட்டவர்களிடம் எலும்பு முறிவும் குறைவு, நினைவு தப்பிய நேரமும் குறைவு.

1946-ல் மூன்றாவது கட்டுரை. போர்க்காலம் முழுவதும் மாதாமாதம் இறந்த பைக் ஓட்டிகளின் எண்ணிக்கை அதில் இருந்தது. ராணுவ உத்தரவுக்குச் சற்று முன்பு மாதம் 200-ஐ நெருங்கியிருந்தது. அதற்குப் பிறகு சரிந்து, போர் முடியும்போது 50 அளவுக்கு வந்துவிட்டது. முழுப் பெருமையும் ஹெல்மெட்டுக்குப் போகாது. 1942 ஜூலைக்குப் பிறகு பொதுமக்களின் சொந்த உபயோகத்துக்கு பெட்ரோலே கிடையாது. இருந்தாலும் திசை தெளிவு.

அந்த வருடமே கெய்ர்ன்ஸுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அது ஹெல்மெட்டுக்காக மட்டும் அல்ல. நடமாடும் மூளை அறுவைக் குழுக்களைப் போர்முனைக்கு அனுப்பியவர், வட ஆப்பிரிக்காவில் காயம்பட்ட சிப்பாய்களிடம் பெனிசிலினைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர். 1945 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி பேட்டன் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்து முறிந்து கிடந்தபோது விமானத்தில் போய்ப் பார்த்ததும் இவரே. போரெல்லாம் தாண்டி வந்து சாலையில் விழுந்த இரண்டு பெரிய வீரர்களின் படுக்கையருகே நின்றவர். 1952 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். 56 வயது. பிரிட்டனில் அப்போதும் சாதாரண பைக் ஓட்டிக்கு ஹெல்மெட் சட்டம் கிடையாது.

அடுத்த 20 வருடம் வண்டி வேறு பாதையில் ஓடியது. அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரோத், லம்பார்டு என்ற இருவர் நாடாத் தொட்டிலுக்குப் பதிலாக நசுங்கும் நுரைப் பொருளை ஓட்டுக்குள் வைத்து ஹெல்மெட் செய்தார்கள். 1953-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று ஹெல்மெட்டைப் பிரித்தால் உள்ளே தெரியும் தெர்மோகோல் அந்த வழியில் வந்ததுதான். 1961 ஜனவரி 1-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதன்முதலாக எல்லா பைக் ஓட்டிகளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. கெய்ர்ன்ஸின் பிறந்த நாடு முந்திக்கொண்டது, அவர் உழைத்த நாடு தயங்கி நின்றது.

தயக்கத்துக்குக் காரணம் அறியாமை இல்லை. 1941-லேயே தெரிந்துவிட்டது. தடுத்தது வேறு ஒரு கேள்வி. என் தலை என்னுடையது, உடைந்தால் எனக்குத்தான் நஷ்டம், அரசாங்கத்துக்கு என்ன? சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவன் அடுத்தவனைக் கொல்கிறான், தடுக்கலாம். ஹெல்மெட் போடாதவன் யாரைக் கொல்கிறான்? 1973-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இனாக் பவல் போன்றவர்கள் இந்த அடிப்படையில்தான் எதிர்த்தார்கள். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் சாலையில் கிடப்பவனைத் தூக்குவது யார், ஆம்புலன்ஸ் யாருடையது, படுக்கை யாருடையது, அவன் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டால் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வழக்கு ஒன்றில் 1972-ல் நீதிமன்றம் இதே பதிலைச் சொல்லித்தான் ஹெல்மெட் சட்டம் செல்லும் என்றது.

கடைசியில் 1973 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஹெல்மெட் கட்டாயமானது. லாரன்ஸ் விழுந்து 38 வருடம், முதல் கட்டுரை வந்து 32 வருடம். ராணுவத்துக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது.

அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. டர்பன் கட்டும் சீக்கியர்கள் போராடி 1976-ல் தனிச் சட்டம் மூலம் விலக்குப் பெற்றார்கள். ஃபிரெட் ஹில் என்ற முதியவர் வேண்டுமென்றே துணித் தொப்பியோடு பைக் ஓட்டி, அபராதம் கட்ட மறுத்துத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போய், 1984-ல் ஜெயிலிலேயே இறந்தார். ஹெல்மெட் எதிர்ப்பாளர்களுக்கு அவர் தியாகி.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 1966-ல் மத்திய அரசு, ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலத்துக்குச் சாலை நிதியைக் குறைப்பேன் என்றது. 1975-க்குள் 47 மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. 1976-ல் பைக் சங்கங்களின் நெருக்குதலால் நாடாளுமன்றம் அந்த மிரட்டலை விலக்கிக்கொண்டது. மளமளவென்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை ரத்து செய்தன அல்லது நீர்த்துப் போகவிட்டன. கெய்ர்ன்ஸ் கனவிலும் நடத்தியிருக்க முடியாத சோதனை தானாக நடந்தது. ஒரே நாடு, ஒரே மாதிரி வண்டி, பாதி இடத்தில் சட்டம், பாதி இடத்தில் இல்லை. ரத்து செய்த மாநிலங்களில் பைக் மரணங்கள் சராசரியாக 38 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 1980-ல் வந்த ஆய்வு சொன்னது. இதற்கு நேர் எதிர்க் கோணத்தில் மேற்கு ஜெர்மனி. 1980-ல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அங்கே அபராதம் தொடங்கியது. எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. பைக் திருட்டு ஒன்றரை லட்சத்திலிருந்து 1986-ல் 54 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. திருடன் கையோடு ஹெல்மெட் கொண்டு போவதில்லையே! வெறுந்தலையோடு போனால் முதல் திருப்பத்திலேயே போலீஸ் நிறுத்திவிடும்.

இந்தியா இந்தக் கதைக்குள் வருவது 1977-ல். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 85-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆந்திராவில் அதன்படி விதி வந்தபோது, நாட்டில் சுதந்திரமாக நடமாடும் என் அடிப்படை உரிமையை ஹெல்மெட் பறிக்கிறது என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இங்கிலாந்தில் கேட்ட அதே கேள்வி, நம் அரசியல் சாசன மொழியில். 1988-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே வருடம் வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இன்றுவரை இருக்கிறது. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் பொருந்தும். டர்பன் கட்டிய சீக்கியருக்கு இங்கேயும் விலக்கு உண்டு. டெல்லியில் பெண்கள் அனைவருக்குமே விலக்கு இருந்தது, 2014-ல்தான் அதை எடுத்து சீக்கியப் பெண்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். தரைக்கு ஆண் பெண் தெரியாது என்று கண்டுபிடிக்க அத்தனை வருடம்.

தமிழ்நாட்டில் சட்டம் காகிதத்திலும் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலும் இருந்தன. 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அரசு அறிவித்தது, கடைகளில் கூட்டம் அலைமோதியது, சில நாளில் கெடுபிடி தளர்ந்தது, ஹெல்மெட் பரணுக்குப் போனது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும், போடாவிட்டால் வண்டி ஆவணங்களைப் பறிமுதல் செய்யலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது ஹெல்மெட்டையும் வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவிட்டார். மறுபடியும் கடைகளில் வரிசை, விலை தாறுமாறாக ஏற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1,000 ரூபாயாக்கினார்கள். அது தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். தரமுத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்ற மத்திய அரசு ஆணை 2021 ஜூனில் அமலானது. பிளாஸ்டிக் சட்டிகள் சாலையோரத்தை விட்டு முழுதாக மறைந்தபாடில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை சொல்கிறது. எல்லோருமே ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று அர்த்தமில்லை, லாரி ஏறினால் எந்த ஹெல்மெட்டும் தாங்காது. ஆய்வுகளின்படி மரணம் சுமார் 40 சதவீதம் குறையும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20,000 பேர், ஒரே வருடத்தில்.

அந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள். 1941-ல் இறந்தவர்களை எண்ணத் தொடங்கியபோதே கெய்ர்ன்ஸ் பின் சீட்டுக்காரர்களையும் சேர்த்துத்தான் எண்ணினார்.